பங்கு பிரித்த பில் விருந்தாகுமா?

எங்கள் நண்பர் ஒருவர் மாதாந்திரக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஏன் வரவில்லை என்று நாங்கள் அவரைக் கேட்பதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்ன விடை இது: “கம்பனைப் பேச வருவதற்கு அறுநூறு ரூபாய் ஆகிறது சார்.”

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வசிக்கும் பத்துப் பேர் நாங்கள். பெரும்பாலோர் கல்லூரிகளில் கற்பிப்பவர்கள். இருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிபவர்கள். ஒருவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், சுண்டலும் தேநீருமாக அது நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் மீண்டும் கூடத் தொடங்கியபோது, “யார் வீட்டுக்கும் சிரமம் வேண்டாம்” என்ற நல்லெண்ணத்தில் உணவகத்துக்குப் போனோம். குளிரூட்டிய அறை, நீண்ட மேசை, வரியோடு சேர்த்து வரும் பில், அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கைப்பேசியில் உடனுக்குடன் செலுத்தும் வசதி. எவருக்கும் எவரும் கடன்படவில்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாடு உண்டா என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அந்த நண்பர் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மணிக்கணக்கில் ஊதியம் பெற்றுப் பாடம் நடத்துபவர். பட்டாபிராமில் ஓர் அறையும் அடுக்களையுமான வாடகை வீட்டில் தாயாருடன் வசிப்பவர். எங்கள் பத்துப் பேரில் கம்பனை உண்மையாகப் படித்தவர் அவர் ஒருவரே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சரிசமமாகப் பங்கு பிரிப்பது நீதி என்று நாங்கள் நினைத்தோம். சமமில்லாத சம்பளங்களுக்கு நடுவே சமமான பங்கு என்பது ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் முறை என்பது எங்கள் படிப்புக்கு எட்டவில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான். அந்த ஊரைச் சேர்ந்த நாங்கள், எட்டுப் பேர் அமர்ந்த ஒரு சாப்பாட்டு மேசையில்கூட அதை நிறைவேற்றவில்லை.

ஆகவே எங்கள் கட்சியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். நண்பர்களை உணவகத்துக்கு அழைத்துச் சென்று பில்லைப் பங்கு பிரிப்பதை விருந்து என்று அழைக்கக் கூடாது. அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். விருந்து வீட்டில்தான் நடக்க வேண்டும். எளிமையாக நடக்க வேண்டும். எளிமை என்பது இங்கே சிக்கனத்துக்காக மட்டும் சொல்லப்படவில்லை. அதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

*

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாகப் புனையும் யாப்புக்கே விருந்து என்று பெயர் வைக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வருபவரும் விருந்து, அவருக்கு இடும் உணவும் விருந்து. திருக்குறளின் அதிகார வைப்பு முறையும் கவனிக்கத்தக்கது. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதற்கு முன்னே அன்புடைமை, பின்னே இனியவை கூறல். அதாவது அன்புக்கும் பேச்சுக்கும் நடுவே சோறு. ஒப்புரவு இருபத்திரண்டாம் அதிகாரம். ஈகை இருபத்துமூன்றாம் அதிகாரம். வள்ளுவர் விருந்தையும் ஈகையையும் ஒன்றாகக் கட்டவில்லை. இல்லாதவனுக்கு இடுவது ஈகை. விருந்தினன் இரவலன் அல்லன். அவன் முகம் பார்ப்பவன். இடுபவர் முகம் சற்றே திரிந்தாலும் வாடுபவன். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் அனிச்சம் வருவதற்கு அதுவே காரணம்.

இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். ‘பழந்தமிழர் விருந்தோம்பல்’ என்று பத்து மதிப்பெண் வினா தயாரிக்கிறோம். புறநானூற்றில் விதைக்கு வைத்திருந்த தினையை உரலிலிட்டுக் குற்றி விருந்தினருக்குப் படைத்த வீட்டைச் சொல்லி, மாணவர்கள் கண்கலங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். விதைத்த நெல்லை மழை இரவில் வயலிலிருந்து வாரி வந்து அடியாருக்கு அமுதாக்கிய இளையான்குடி மாற நாயனார் கதையையும் சொல்கிறோம். மணி அடித்ததும் கைப்பேசியை எடுத்து, சனிக்கிழமைக்கு மேசை முன்பதிவு செய்கிறோம்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தக் கதைகளிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. விதையை இழந்து இடுவதுதான் விருந்து என்று நம்பிவிட்டால், சாதாரண வீட்டில் சாதாரணச் சோற்றை எவரும் துணிந்து இட மாட்டார். ‘எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது கூப்பிட’ என்ற தயக்கம் அங்கிருந்தும் வருகிறது. அந்தத் தயக்கத்தின் மேல்தான் இன்றைய உணவகப் பண்பாடு உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தத் தினையைக் குற்றியவர் யார்? வீட்டுப் பெண். மாற நாயனார் வீட்டில் விதைநெல் நினைவுக்கு வந்ததும், அதை வறுத்துக் குற்றிச் சமைத்ததும் யார்? அவர் மனைவி. புகழ் மட்டும் நாயனார் பெயரில் நிற்கிறது.

*

எங்கள் பத்துப் பேரில் மூவர் பெண்கள். வீட்டிலேயே கூடலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது முதலில் எதிர்த்தவர்கள் அவர்கள்தான். “நீங்கள் கூடத்தில் இலக்கியம் பேசுவீர்கள், நாங்கள் அடுக்களையில் அப்பளம் பொரிப்போம், அதுதானே? உணவகத்தில்தான் நாங்களும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்கிறோம்” என்றார் ஒருவர். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. தமிழ்ச் சமூகத்தின் விருந்தோம்பற் பெருமை முழுவதும் ஊதியமில்லாத ஓர் உழைப்பின் மேல் கட்டப்பட்டது. அந்த உழைப்பைத் தொடாமல் ‘வீட்டுக்குத் திரும்புவோம்’ என்று முழங்குபவர் எவராயினும், அவர் விருந்துக்காகப் பேசவில்லை. தம் வசதிக்காகப் பேசுகிறார்.

இரண்டாம் எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. அதை எழுப்பியவர் தொழிற்பேட்டை நண்பர். “வீடு வீடு என்கிறீர்களே, யார் வீட்டுக்குள் யார் போக முடிந்தது? காசு கொடுத்தால் எவனும் உட்காரலாம் என்று ஆக்கியது ஓட்டல்தான்.” இதையும் வரலாறு அறிந்தவர் மறுக்க முடியாது.

எங்கள் பூந்தமல்லியைச் சொன்னாலே போதும். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்த அவரைத் தம் இல்லத்தில் அமுது செய்விக்க விரும்பினார் இராமானுசர் என்று குருபரம்பரை சொல்கிறது. அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆசை. நம்பிகள் வந்த நேரம் இராமானுசர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவியார் நம்பிகளுக்கு அமுதிட்டு அனுப்பிவிட்டு, இலையை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்கு வேறு சமையல் செய்தார். காரணம் நம்பிகளின் குலம். இராமானுசர் இல்லறம் துறந்ததற்கான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கதை அந்த அம்மையார் மேல் பழியைப் போட்டு முடிகிறது. தன் காலம் கற்பித்ததையே அவர் செய்தார் என்பதையும், அன்று ஒரே நாளில் இருமுறை சமைத்தவர் அவர்தான் என்பதையும் எவரும் நினைப்பதில்லை. சாதி, பெண்ணின் உழைப்பு என்ற இரண்டு நோய்களும் ஒரே அடுக்களையில் சந்தித்த கதை இது.

உணவகமும் தானாகச் சமத்துவம் கொண்டுவந்துவிடவில்லை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1920களின் நடுவில் எழுந்த கிளர்ச்சியை நாம் அறிவோம். சென்னை ஓட்டல்களின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் நெடுங்காலம் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். இன்று நாம் எந்த மேசையிலும் உட்கார முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே எங்கள் வாதம் தொடங்குகிறது. ஓட்டல் மேசையில் வென்ற சமத்துவம் அங்கேயே நின்றுவிட்டது என்பதே எங்கள் குற்றச்சாட்டு. இருபது ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் பணிபுரிகிறோம், ஒரே உணவகத்தில் ஒரே பிரியாணியைப் பகிர்கிறோம். ஆனால் அந்த நண்பர் நம் வீட்டு அடுக்களை எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிய மாட்டார். நாமும் அவர் வீட்டை அறிய மாட்டோம். இந்தப் புறநகர்களில் ‘வாடகைக்கு வீடு, சைவம் மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டைகளைப் பார்க்காத தெரு எது? அந்த அட்டை உணவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். சில வீடுகளில் சில விருந்தினருக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளருக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை வருகிறதே, அது எந்தச் சுகாதாரம்? திருக்கச்சி நம்பிகள் உண்ட இலையை எறிந்த கை இன்று காகிதக் கோப்பையை எறிகிறது. வேறுபாடு அவ்வளவே.

உணவகம் இந்தக் கேள்விகளை நமக்காக மறைத்துவைக்கிறது. அங்கே தட்டு எவருடையதும் அன்று; கழுவுபவர் எவரென்று தெரியாது; நாம் எவரையும் உள்ளே விடவும் இல்லை. காசு கொடுப்பவர் எல்லாரும் சமம் என்ற விதி ஒருகாலத்தில் புரட்சியாக இருந்தது. அதற்குள் காசு கொடுக்க முடியாதவர் சமமல்லர் என்ற விதியும் இருந்தது. எங்கள் நண்பர் சிக்கியது அதில்தான்.

*

பெண்களின் எதிர்ப்பையும் தொழிற்பேட்டை நண்பரின் எதிர்ப்பையும் நிபந்தனைகளாக மாற்றிக்கொண்டு, மீண்டும் வீட்டுக்குத் திரும்பினோம். அந்த நிபந்தனைகளை இங்கே சொல்வது பிறருக்குப் பயன்படலாம் என்பதற்காக.

முதலாவது, அடுக்களை ஆண்களுடையது. காய் அரிவதும், சோறு வடிப்பதும், பரிமாறுவதும், கடைசியில் பாத்திரம் கழுவுவதும் எங்கள் ஆண்களின் வேலை. வீட்டுப் பெண்மணி கூடத்தில் அமர்ந்து நூலைப் பற்றிப் பேச வேண்டும். முதல் மாதம் சாம்பார் குழம்பாகவும் இல்லை, சாறாகவும் இல்லை. உண்டோம்.

இரண்டாவது, அந்த வீட்டில் அன்றாடம் புழங்கும் தட்டும் டம்ளரும்தான். காகிதத் தட்டு கிடையாது. வாழையிலை அழகுதான், ஆனால் இலையை எறிந்துவிடலாம், தட்டை எறிய முடியாது. கழுவி மறுநாள் அந்த வீட்டார் அதிலேயே உண்ண வேண்டும். அதுதான் பரீட்சை. விருந்தினர் என்ன உண்பார் என்று கேட்பது மரியாதை. அவர் யாரென்று பார்த்துப் பாத்திரத்தைத் தேர்வது மரியாதையன்று.

மூன்றாவது, ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு பொரியல் அல்லது கூட்டு, மோர். இனிப்பு இருந்தால் ஒன்று. இதற்கு மேல் செய்பவருக்கு அடுத்த முறை வாய்ப்பில்லை. மீன் குழம்பு வைக்கும் வீட்டில் மீன் குழம்பு. மீன் உண்ணாதவர் ரசத்தோடு நிறுத்திக்கொள்வார். முகம் சுளிக்க மாட்டார்.

நான்காவது, பங்கு வசூல் இல்லை. கொண்டுவர முடிந்தவர் காயோ பழமோ கொண்டு வரலாம். வெறுங்கையோடு வருபவரை எவரும் கவனிக்கக் கூடாது.

கணக்குப் பார்ப்பவர்களுக்காகக் கணக்கையும் தருகிறோம். எட்டுப் பேருக்கான ஒரு மதியச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ இது: ஒரு கிலோ பொன்னி அரிசி 65 ரூபாய், துவரம்பருப்பு முந்நூறு கிராம் 45, காயும் கீரையும் 160, தயிர் ஒரு லிட்டர் 75, வெல்லம் போட்ட பாசிப்பருப்புப் பாயசம் 120, எண்ணெய், புளி, மசாலா, அப்பளம் 85, எரிவாயு 50. மொத்தம் 600 ரூபாய், தலைக்கு 75. உணவகத்தில் நாங்கள் எட்டுப் பேர் கடைசியாகக் கொடுத்தது 4,800. அதாவது அன்று ஒருவர் கொடுத்த பங்கில் எட்டுப் பேரும் வயிறார உண்டிருக்கலாம். உழைப்புக்கு இதில் விலை போடவில்லையே என்று கேட்கலாம். போடவில்லை. அந்த உழைப்பை எல்லாரும் மாற்றி மாற்றிச் செய்யும்போதுதான் அதற்கு விலை போடாமல் இருக்கும் உரிமை நமக்கு உண்டு.

எண்ணூறு சதுர அடி வீட்டில் எங்கே உட்காருவது என்பது அடுத்த கேள்வி. பாய் விரித்து உட்காரலாம். தரையில் உட்கார முடியாத முழங்கால்காரர்களுக்கு இரண்டு நாற்காலிகள். இலக்கியக் கூட்டத்துக்கு அரண்மனை வேண்டியதில்லை. டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டு வட்டத்தொட்டியை நாம் கொண்டாடுகிறோம்.  அங்கே கம்பன் பேசப்பட்ட பேச்சும், பின்னாளில் குற்றாலத்தில் அவர் நண்பர்களுக்கு இட்ட சோறும் ஒரே நினைவாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டில் தங்காத, உண்ணாத எழுத்தாளர்கள் குறைவு. அவர்களுக்கு வசதி இருந்தது என்று சொல்லலாம், உண்மை. ஆனால் வசதியுள்ள எத்தனை வீடுகள் அப்படித் திறந்திருந்தன? தமிழ்ச் சிற்றிதழ் மரபின் பெரும்பகுதி யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தது. அந்தச் சோற்றை வடித்த பெண்களின் பெயர்கள் நன்றியுரையில்கூட இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

*

எளிமைக்கு வேறொரு காரணம் உண்டு என்றோமே, அதற்கு வருகிறோம்.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான ‘கொடை’ பற்றிய தம் ஆய்வில், கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடமைகளைப் பிரித்துக் காட்டினார். திருப்பிக் கொடுக்க முடியாத கொடை பெறுபவரைத் தாழ்த்திவிடும் என்பதும் அவர் காட்டிய உண்மை. இதை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பதினாறு வகை பதார்த்தம் செய்து பட்டாபிராம் நண்பரை அழைத்தால் அவர் வருவார், உண்பார், வாழ்த்துவார். ஆனால் எங்களைத் தம் வீட்டுக்கு அழைக்க மாட்டார். அழைக்க அவரால் முடியாதபடி நாங்களே செய்திருப்போம். உணவகம் பில்லைக் காட்டி அவரை வெளியேற்றியது என்றால், ஆடம்பர வீட்டு விருந்து பாயசத்தைக் காட்டி வெளியேற்றும்.

ஆகவே நல்ல விருந்துக்கு எங்களிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. வந்தவர் திரும்ப நம்மை அழைக்கத் துணிகிறாரா? துணிந்தால் அது விருந்து. துணியவில்லை என்றால், நாம் இட்டது நம் பெருமைக்கு நாமே இட்டுக்கொண்ட சோறு. விருந்துக்கு வந்தவரை இரவலராக்கி அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். வள்ளுவர் விருந்தையும் ஈகையையும் வேறு வேறு அதிகாரங்களில் வைத்ததன் நுட்பம் எங்களுக்கு முதுகலை வகுப்பில் விளங்கவில்லை; இப்போதுதான் விளங்குகிறது.

வீட்டில் கூடத் தொடங்கிய முதல் மாதம் அவர் வரவில்லை. இரண்டாம் மாதம் தாமதமாக வந்து, சாப்பாட்டுக்கு முன் கிளம்பப் பார்த்தார். பாத்திரம் கழுவ ஆள் குறைகிறது என்று சொல்லி நிறுத்திவைத்தோம். மூன்றாம் மாதம் தாயார் அரைத்த பிரண்டைத் துவையலோடு வந்தார். ஐந்தாம் மாதக் கூட்டம் எங்கே என்ற பேச்சு வந்தபோது, “எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே, மாடியில் இடம் இருக்கிறது” என்றார்.

அந்த நொடியில் எங்களில் சிலர் முகத்தில் ஒரு தயக்கம் ஓடியது. அவருக்குச் சிரமம் ஆகுமே என்ற தயக்கம் என்று பிறகு சொல்லிக்கொண்டோம். அது முழு உண்மையன்று. கொடுப்பவர் இடத்திலிருந்து பெறுபவர் இடத்துக்கு மாறுவது எங்களுக்குக் கடினமாக இருந்தது. இவ்வளவு பேசியும் எங்களுக்குள் மிச்சமிருந்தது அது. இந்தக் கட்டுரையின் கோபத்தில் பாதி எங்கள் மேல்தான்.

மின்தொடர் வண்டியில் பட்டாபிராமில் இறங்கி நடந்தோம். மாடியில் தார்ப்பாய்ப் பந்தல். சோறு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், மிளகு ரசம், மோர். தட்டு எட்டுத்தான் இருந்தது. பத்துப் பேர் இரண்டு பந்தியாக உண்டோம். முதல் பந்தியில் அவருடைய தாயாரை உட்கார வைத்துப் பரிமாறினோம். அவர் கூச்சத்தோடு உண்டு முடித்தார். தட்டை அவர் கையிலிருந்து வாங்குவதற்குத்தான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. பிறகு கம்பனைப் பேசினோம். நண்பர்தான் பேசினார், நாங்கள் கேட்டோம்.